இரண்டு கதவுக் கடையின் ஒரு வோட்டு

தலையைக் குனியச் சொன்னால் நிமிர்ந்து அரசியல் பேசுகிறவர்களுக்கு முடி வெட்டுவதுதான் எங்கள் தொழில். பாரிசில் லா ஷப்பலில் சலூன் வைத்திருக்கிறேன். கூடுதல் வோட்டு எடுத்தவர் தோற்று, குறைய எடுத்தவர் அமெரிக்க ஜனாதிபதி ஆகலாம் என்று சிவபாதம் அண்ணை சொன்னதை நான் பல வருடங்களாக நம்பவில்லை. அண்ணை நியூ ஜெர்சியில் சில காலம் இருந்துவிட்டு வந்து, இங்கே மூலையில் போன் கடை போட்டவர். பேப்பரிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பேப்பரையும் சந்தேகித்தேன். கண்ணாடியில் தெரியும் என் முகத்தையே இரண்டு தரம் பார்த்துத்தான் நம்புகிறவன் நான்.

கத்தரிக்கோலைப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிப் பழகிய தொழில் தோழர்களே, உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

மொட்டைக்கும் மூன்று

ஒருநாள் அண்ணை என் வாடிக்கையாளர்களை வைத்தே பாடம் எடுத்தார். "இந்த மூண்டு கதிரையும் மூண்டு மாநிலம். முடிதான் சனம். முடி கூடின தலைக்குக் கூடின வோட்டு. ஒரு மாநிலத்தில ஒரே ஒரு ஆளால முந்தினாலும், அநேகமா அந்த மாநிலத்தின்ர வோட்டு முழுக்க முந்தினவருக்குத்தான்."

கடைசிக் கதிரையில் ஒபர்வில்லியே குடோனில் வேலை செய்யும் தம்பிராசா இருந்தார். காதோரம் மட்டும் கொஞ்சம் முடி. "அப்ப எனக்கு?" என்றார். எவ்வளவு சின்ன மாநிலமானாலும் மூன்று வோட்டு நிச்சயம் என்றார் அண்ணை. தம்பிராசா தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை ஒருக்கா என்ர மனிசிக்கு போன் எடுத்துச் சொல்லுங்கோ."

இரண்டே கட்சி

சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர், பாதி வெட்டிய தலையோடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் பெரிய கட்சி இரண்டுதான் என்றதும் அவருக்கு மனது கேட்கவில்லை. பிறகு ஒரு வாரம் யோசித்திருப்பார் போல. அடுத்த தரம் வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு இதுதான்: "ரெண்டே கட்சின்னா, கோவிச்சுக்கிட்டு எங்க சார் போவாங்க?"

புள்ளடி

என் கடையில் முடி வெட்டும் குணத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து, முதல் ஜனாதிபதித் தேர்தல். இங்கே வேட்பாளர் பெயர் அச்சடித்த தாளை உறையில் போட்டால் முடிந்தது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் வோட்டுச் செல்லாது. குணம் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில், பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி வடிவாக ஒரு புள்ளடி போட்டிருக்கிறான்.

பிரான்சில் முதல் சுற்றில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், இரண்டு வாரம் கழித்து இரண்டாம் சுற்று உண்டு. இந்த முறை சும்மா போட்டுவிட்டு வா என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தவனின் முகத்திலேயே புள்ளடி தெரிந்தது. ஏனடா என்றேன். "புள்ளடி போடாட்டி, நான் விரும்பித்தான் போட்டனான் எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும், அண்ணை?"

எங்கள் தேர்தல்

கடைக்காரர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு வந்தது. நான் நின்றேன். முப்பது வருடமாக ஊராரின் பின்தலையைப் பார்த்தவனுக்கு, சங்கத்தின் பொங்கல் மேடையில் ஒருநாள் பொன்னாடையோடு முன்னால் நிற்க ஆசை. மனைவி பியர்ஃபித்தில் இருக்கும் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியும் விட்டாள். எதிராளி மளிகைக்கடை நடராசா.

எப்போதும் பெரிய தெருக்காரரே தலைவராகிறார்கள் என்று சின்னத் தெருக்காரர் முறையிட, அண்ணை அமெரிக்க முறையை எடுத்து வைத்தார். பெரிய தெருவான ரூ து ஃபொபூர் சேன்-தெனிக்கு ஐந்து வோட்டு, பக்கத்துச் சின்னத் தெருக்கள் இரண்டுக்கும் மும்மூன்று. மூலைக்கடைக்காரர் விரும்பிய தெருவில் போடலாம். அண்ணையின் கடைக்குப் பெரிய தெருவில் ஒரு கதவு, சின்னத் தெரு ஒன்றில் ஒரு கதவு. அவர் பெரிய தெருப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, "என்ர வோட்டு உனக்குத்தான்" என்று தோளில் தட்டினார்.

பெரிய தெரு முழுக்க எனக்கு. ஒரு சின்னத் தெரு நடராசாவுக்கு. மற்றச் சின்னத் தெருவில், அதாவது அண்ணையின் மறுகதவு இருக்கும் தெருவில், நாலுக்கு நாலு. சீட்டுக் குலுக்கினார்கள். நடராசாவின் பெயர் வந்தது. ஆறுக்கு ஐந்து. தலைகளை எண்ணினால் என் பக்கம் இரண்டு மடங்கு. நடராசா கைகொடுத்துவிட்டுச் சொன்னார்: "கூடச் சனத்துக்கு உங்களைத்தான் பிடிக்குது, அண்ணை. அது உங்களோடயே இருக்கட்டும்."

மறுகதவு

பொங்கல் முடிந்து அண்ணை முடி வெட்ட வந்தார். "நான் சொன்னது மெய்தானே? இப்பவாவது நம்பிறியோ?"

பல வருடச் சந்தேகம் தீர்வதற்கு ஒருவன் மேடைக்குக் கீழே நின்று கைதட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு சந்தேகம் போன இடத்தில் இன்னொன்று வந்து குந்திவிட்டது. அவர் தலையைக் குனிய வைத்து, சவரக்கத்தியைப் பிடரியில் வைத்துக்கொண்டு கேட்டேன்:

"அண்ணை, உங்களுக்கு ரெண்டு கதவு இருக்கு. எனக்கு வோட்டுப் போட ஏன் பெரிய தெருக் கதவால வந்தனீங்கள்?"