மடத்துக் கற்களை எண்ண வந்த மிஸ்

யாழ்ப்பாணம் போகிற பஸ் கனகராயன்குளத்தைத் தாண்டியதும் கண்டி வீதியில் ஒரு நேரான துண்டு வரும். எந்தச் சாரதிக்கும் அந்த இடத்தில் ஓர் உற்சாகம் வந்துவிடும். எங்கள் கல்மடம் இருந்தது அங்கேதான். சரியாகச் சொன்னால், வீதியின் கிழக்குப் பக்கத்து வெள்ளைக் கோடு இப்போது ஓடுகிற இடத்தில் அதன் நடுத்தூண் நின்றது. பக்கத்துச் சீற்றில் இருப்பவர் யாராக இருந்தாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. அவர்கள் "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். அவர்கள் போனைப் பார்த்து முடிப்பதற்குள் மடம் இருந்த இடம் பின்னால் போயிருக்கும்.

வண்டில் மாடுகள் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடந்த காலத்தில், வழிப்போக்கர் படுத்தெழும்பிப் போகட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் கட்டிய மடம் அது. பன்னிரண்டு கருங்கல் தூண்கள், அவற்றைச் சுற்றி உட்காருவதற்கு அகலக் கற்கள், மேலே உத்தரக் கற்கள். ஓட்டுக் கூரை சண்டையில் போய்விட்டது. ஒரு தூணில் ஷெல் பட்டு மூலை பெயர்ந்திருந்தது. நாங்கள் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது, சுவர் விழாமல் நின்ற வீடு என்று எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. சுவரே இல்லாத மடம் மட்டும் நின்றது.

மடத்துக்கு முன்னால் ஒரு மூன்று மொழிப் பலகை இருந்தது. இது அரசினால் பாதுகாக்கப்பட்ட புராதன கட்டடம், சேதம் விளைவிப்போர் தண்டிக்கப்படுவர் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அது பெரியப்பா. அவரை யாரும் நியமிக்கவில்லை. ஆனால் ஒருவர் அங்கே ஆடு கட்ட முடியாது, வெற்றிலை துப்ப முடியாது. மாமா ஒருநாள் தூணில் சைக்கிளைச் சாய்த்துவிட்டார். சைக்கிள் சாய்ந்திருந்தது ஐந்து நிமிடம், பெரியப்பா அதைப் பற்றிக் கதைத்தது அரை மணித்தியாலம். சாமி இல்லாத கோயிலுக்கு ஐயர் என்று ஊரார் அவரைப் பகிடி பண்ணுவார்கள்.

பகிடி பண்ணினாலும் கல்லில் கை வைக்கமாட்டார்கள். அந்த வருடம் ஊர் முழுக்க வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. அத்திவாரத்துக்குக் கல் கிடைப்பது குதிரைக் கொம்பு. மடத்தைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் தூணைக் கண்ணால் அளந்துகொண்டுதான் போவார்கள். ஆனால் பலகை என்று ஒன்றைக் கண்டால் ஒதுங்கிப் போக எங்கள் ஆட்கள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளிடம் படித்திருந்தார்கள். அதுதான் மடத்தைக் காத்தது.

பிறகு வீதியை அகலிக்க வந்தார்கள். பச்சைச் சட்டை போட்டவர்கள் மூன்று கால் கருவியை வைத்துப் பார்த்து, மடத்தின் நடுவே ஒரு முளையை அடித்துவிட்டுப் போனார்கள். பெரியப்பா அந்தப் பலகைக்குரிய திணைக்களத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். நான்காவது எழுதிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்தது. பெரியப்பா இளம் வயதில் அநுராதபுரம் பக்கம் வேலை செய்தவர். எங்கள் ஊரில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பெரியப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். பின்னேரம் மடத்தடியில் ஆட்களைக் கூட்டிச் சொன்னார்:

"மடத்தை வேற இடத்திலை அப்பிடியே திரும்பக் கட்டப்போகினமாம். நாங்கள் பக்குவமாக் கழட்டி வைக்கவேணும். வந்து எண்ணுவினம். ஒரு கல்லுக் குறைஞ்சாலும் ஊருக்குத்தான் வழக்கு."

கடிதத்தில் உண்மையில் இருந்தது நான்கே வரிகள். அவற்றை அவர் எனக்குச் சொன்னது நான் பெரியவளாகி வேலைக்குப் போன பிறகுதான். வீதி வேலை காரணமாக இந்த மடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்து நீக்கப்படுகிறது, வீதி போடுபவர்கள் அதை அகற்றலாம். அவ்வளவுதான். திரும்பக் கட்டுவது பற்றியோ எண்ணுவது பற்றியோ அதில் ஒரு எழுத்தும் இல்லை. பலகைக்கு இனி உயிர் இல்லை என்று தெரிந்தால், அடுத்த நாள் விடியும்போது தூண்கள் பன்னிரண்டு வீட்டு அத்திவாரத்துக்குள் போயிருக்கும். சீட்டு விளையாட்டில்கூடக் கள்ளம் செய்யத் தெரியாத பெரியப்பா, வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய் அது. கைதேர்ந்த பொய்யரும் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கமாட்டார்.

கட்டடம் கழற்றுவதில் எங்கள் ஆட்களை வெல்ல யாரும் இல்லை. இடம்பெயர்கிற காலத்தில் மற்ற ஊர்க்காரர் பெட்டியைக் கட்டுவார்கள், வன்னிக்காரர் வீட்டையே கட்டுவார்கள். ஓடு, கதவு, யன்னல், கூரைத் தீராந்தி என்று எல்லாவற்றையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் போய், போன இடத்தில் நிமிர்த்தி, ஆறு மாதத்தில் திரும்பவும் கழற்றியவர்கள். எந்தக் கல்லை முதலில் அசைக்க வேண்டும், எங்கே வைக்கோல் வைக்க வேண்டும் என்று ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை. மூன்று நாளில் மடம் முழுவதும் பெரியப்பா வீட்டு வளவுக்குள் வந்து, தகரக் கொட்டிலுக்குள் வரிசையாகப் படுத்துவிட்டது. பலகையையும் கழற்றி வந்து கொட்டிலின் முன்னால் தொங்கவிட்டார் பெரியப்பா.

கற்களுக்கு இலக்கம் எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். சண்டை பிடித்து வாங்கினேன் என்பதுதான் சரி. கதவுக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்றும் ஒரு தென்னம்பாளைத் தும்புத் தூரிகையும் என் கையில் இருந்தன. மூன்று நாளும் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரே அளவில், ஒரே மூலையில் எழுதினேன். அம்மா என் தலைமுடியில் இருந்து பச்சை நிறத்தை எடுக்க ஒரு கிழமை பாடுபட்டார்.

பிறகு காத்திருந்தோம். மடம் இருந்த இடத்தில் தார் ஊற்றி உருட்டி முடித்தார்கள். எண்ணுவதற்கு யாரும் வரவில்லை. கடையடியில் பெரியப்பாவைக் கண்டால், "அண்ணை, எண்ண வாற கவண்மேந்து இப்ப எந்தக் குளத்தடியிலை வருது?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பகிடி மெல்ல மெல்லச் சந்தேகமாக மாறியது. மாமாவின் வீட்டு அத்திவாரத்தில் ஒரு மூலைக்குக் கல் போதவில்லை. ஒருநாள் வந்து கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"ரெண்டே ரெண்டு கல்லு, அண்ணை. அவை எண்ண வாற நேரம் நான் வேற கல்லு வாங்கி வைக்கிறன்."

"நம்பர் போட்ட கல்லு, தம்பி. நாளைக்கு வந்து நிண்டு எண்ணினால் நான் என்ன சொல்லுறது?"

"நாளைக்கு நாளைக்கு எண்டு மூண்டு மாதம் போயிட்டுது. வாற கிழமை நானே வவுனியாக் கந்தோருக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

அன்று இரவு பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று பெரியம்மா அம்மாவிடம் சொன்னார்.

பெரியப்பாவின் கவலை எனக்கு விளங்கவில்லை. எனக்கு இருந்தது கோபம். மூன்று நாள் குந்தியிருந்து எழுதிய இலக்கங்களைப் பார்க்க ஒரு ஆள் வரவில்லையே என்ற கோபம். அதனால் யாருக்கும் சொல்லாமல் நானே ஒரு கடிதம் எழுதினேன். பலகையின் அடியில் முகவரி இருந்தது. "மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா, எங்கள் மடத்தின் எல்லாக் கற்களுக்கும் நான் இலக்கம் எழுதி முடித்துவிட்டேன். நீங்கள் ஏன் இன்னும் எண்ண வரவில்லை? மாரி மழைக்குப் பெயின்ற் அழிந்தால் நான் பொறுப்பில்லை." நல்ல கடிதம் என்று நினைத்தேன். இன்றும் அதில் பிழை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, பெரியப்பாவைத் தூக்கு மரத்துக்குக் கொண்டுபோய் விட்டதைத் தவிர.

ஒரு சனிக்கிழமை காலை, முக்காட்டுக்கு மேல் ஹெல்மெற் போட்ட ஓர் இளம்பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். வவுனியாவில் இருந்து வருகிறேன், திணைக்களத்தில் வேலை என்று தமிழில் சொன்னார். கையில் என் கடிதம் இருந்தது. எங்கள் ஊரில் செய்தி ஸ்கூட்டியை விட வேகமாகப் போகும். அவர் ஹெல்மெற்றைக் கழற்றுவதற்குள் வளவு நிறைந்துவிட்டது. மாமா பாதிச் சவரத்தோடு வந்து முன்னால் நின்றார்.

"இந்தக் கடிதம் ஆர் எழுதினது?" என்று மிஸ் கேட்டார். நான் பெருமையோடு கையை உயர்த்தினேன். மிஸ் சிரித்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "ஐயா, இதைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே..." என்று தொடங்கினார்.

பெரியப்பா இடைமறித்துச் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். அவர் சிங்களம் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. குரல் தாழ்ந்து, விரைவாக வந்தது. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அன்று அவர் சொன்னதையும் பிற்காலத்தில்தான் எனக்குச் சொன்னார். மகளே, பட்டியலில் இருந்து எடுத்தது எனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது, தெரிந்தால் நாளைக்கு இங்கே ஒரு கல் இருக்காது, நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு தடவை எண்ணிவிட்டு மட்டும் போங்கள் என்று கெஞ்சினாராம். அதுவரை எந்த அரசாங்கக் கந்தோரிலும், எந்தச் சோதனைச்சாவடியிலும் கெஞ்சாத மனிதர் அவர்.

மிஸ் கொட்டிலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பச்சை இலக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "ஹரி" என்றார். மாமாவுக்குச் சிங்களத்தில் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். "எல்லாம் சரியாம்" என்று அவர் திரும்பி ஊருக்கு மொழிபெயர்த்தார்.

"முதலாவது கல்லு எங்கை, காட்டுங்கோ பிள்ளை," என்றார் மிஸ்.

நான் முன்னால் போக, அவர் ஒவ்வொரு கல்லாகக் கையால் தொட்டு எண்ணினார். ஏழுக்குப் பிறகு நின்றார்.

"ஏழு. ஒன்பது. எட்டு எங்கை?"

எல்லாத் தலைகளும் ஒன்றாக மாமாவின் பக்கம் திரும்பின. சவரம் செய்யாத பக்கமும் வெளுத்துப்போனது.

"பிள்ளையாராணை நான் தொடேல்லை," என்றார் மாமா.

குசினிக்குள் இருந்து பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எட்டு எழுத வேண்டாம் எண்டு நான்தான் பிள்ளைக்குச் சொன்னனான். திரும்பக் கட்டப்போற கட்டடம். சனியன்ரை இலக்கத்தை ஏன் அதுக்குள்ளை வைப்பான்?"

"அப்ப பதினெட்டு இருக்கே?" என்றார் மிஸ்.

"அது கூட்டினால் ஒன்பது. ஒன்பது நல்லம்."

பதினேழைக் கூட்டினாலும் எட்டுத்தான் வரும் என்பது எனக்கு எழுதும்போதே தெரியும். வாயைத் திறக்கவில்லை. மிஸ்ஸும் பதினேழாம் இலக்கக் கல்லில் ஒரு கணம் கையை வைத்திருந்துவிட்டு, அடுத்த கல்லுக்குப் போனார்.

எண்ணி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கடைசிக் கல்லின் இலக்கம் நூற்று அறுபத்து மூன்று, கல் நூற்று அறுபத்திரண்டு. மிஸ் அதைச் சத்தமாக, ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஒன்றும் குறையவில்லை, கவனமாக வைத்திருங்கோ, திரும்பவும் வந்து பார்ப்போம் என்றார். ஆட்கள் தலையாட்டினார்கள். மாமா மற்ற எல்லோரையும் விடப் பலமாகத் தலையாட்டினார். அவருடைய வீட்டின் அந்த மூலை கடைசியில் சீமெந்துக் கல்லில்தான் எழும்பியது. மடத்தின் கற்கள் இன்றும் பெரியப்பா வளவில் இருக்கின்றன. திரும்பக் கட்ட யாரும் வரவில்லை, ஒரு கல்லும் போகவில்லை.

மிஸ்ஸுக்குப் பெரியப்பா இளநீர் வெட்டினார். எப்போதும் மூன்று வெட்டில் திறப்பவர், அன்று எத்தனை தரம் வெட்டினார் என்று தெரியாது. கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பி நின்று சால்வையால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். நல்ல வெயில்தான் என்று நினைத்தேன்.

நான் என் கணக்குக் கொப்பியைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் நீட்டினேன். எண்ணியதற்கு அத்தாட்சி வேண்டாமா? அவருடைய பையில் ஒரு பைல் இருந்தது, அதை அவர் திறக்கவே இல்லை. என் கொப்பியில், கல் நூற்று அறுபத்திரண்டு, சரி, என்று எழுதிப் பேரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். வைக்கும் முன் பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சீல் குத்தேல்லையே, மிஸ்," என்றேன்.

"சீல் கந்தோரிலை இருக்கு, பிள்ளை. மறந்துபோய் வந்திட்டன்."

ஸ்கூட்டி போன பிறகும் என் மனம் ஆறவில்லை. அவ்வளவு படித்தவர், இவ்வளவு தூரம் வருகிறவர், சீலை மறந்துவிட்டு வரலாமா என்று இரண்டு நாள் பெரியப்பாவிடம் முறைப்பாடு சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும், "ஓம் பிள்ளை, அது பிழைதான்," என்று ஒத்துக்கொண்டார். பட்டியலிலேயே இல்லாத ஒரு கட்டடத்துக்கு அந்தக் கையெழுத்தை வைத்ததற்கே மிஸ்ஸின் வேலை போயிருக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது.