இரண்டு பட்டியலிலும் இருந்த படகுகள்

அப்போது நான் காரைக்காலில் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியன். கணினியில் பட்டியல்களைச் சேர்த்துக் கூட்டிக் காட்டுவது என் வேலை. மற்றவர்கள் எக்செல்லில் அரை நாள் மாரடிக்கிற வேலையைப் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு நாலு வரியில் முடித்துவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

புயல் எச்சரிக்கை வந்த அன்று காலை மேலிடத்திலிருந்து ஒரே கேள்வி: கடலுக்குப் போன விசைப்படகுகள் எல்லாம் திரும்பிவிட்டனவா? என்னிடம் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, புறப்படும்போது கொடுத்த டோக்கன்கள். மற்றது, எங்கள் துறைமுகத்தில் கரை சேர்ந்தவை. படகு எண்ணை வைத்து இரண்டையும் மெர்ஜ் செய்தேன், அதாவது ஒரே அட்டவணையாக இணைத்தேன். அதன்மேல் பிவட் டேபிள் என்கிற தொகுப்பு அட்டவணை ஒன்று போட்டேன்: ஊர் வாரியாகப் போனவை, வந்தவை. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, எந்த ஊரிலும் ஒரு படகு குறையவில்லை. அதிகாரியிடம் காட்டினேன். "அதுக்குள்ளயா? பிரமாதம்பா" என்று சொல்லி, தேடுதல் தேவையில்லை என அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

தொலைபேசி அடித்தது. காரைக்கால்மேட்டுப் பெண் ஒருவர், துறைமுகத்திலிருந்து பேசினார்.

"சார், எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போன போட்டு இன்னும் கரைக்கு வரல. அஞ்சு பேரு சார்."

"பயப்படாதீங்கம்மா. கடலுக்குப் போன படகு அத்தனையும் வந்தாச்சு. கம்ப்யூட்டர்ல பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"சரிங்க சார்" என்றார். பிறகு, "இருந்தாலும் நம்பர் சொல்றேன், ஒரு தடவ பாத்துடுங்க சார்" என்றார்.

எரிச்சலோடுதான் தேடினேன். அந்த எண் வந்தவற்றில் இல்லை, போனவற்றிலும் இல்லை. என் அட்டவணையைக் கேட்டால் அப்படி ஒரு படகே கிடையாது. டோக்கன் பட்டியலைத் தனியாகத் திறந்தேன். அங்கே இருந்தது.

வேறெதுவும் சொல்லாமல் மெர்ஜ் செய்தால், இரண்டு பட்டியலிலும் உள்ளவற்றை மட்டுமே பாண்டாஸ் வைத்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் இருப்பதைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். திரும்பாத படகு போன பட்டியலில் மட்டும்தானே இருக்கும்? யாரைத் தேட வேண்டுமோ அவர்களை நானே நீக்கிவிட்டு, எல்லோரும் வந்தாயிற்று என்று சொல்லியிருக்கிறேன். பாண்டாஸ் கற்பவர்களுக்கு இது முதல் வாரப் பாடம்.

போன பட்டியல் முழுதும் நிற்கும்படி ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். மூன்று படகுகளுக்கு எதிரே வந்த நேரம் காலியாக இருந்தது. இரண்டு, நாகப்பட்டினத்தில் ஒதுங்கியிருந்தன. அது தமிழ்நாடு, அங்கே கரை சேர்ந்தவை எங்கள் பட்டியலுக்கு வராது. ஒரு போனில் தெரிந்துபோனது. மூன்றாவது அந்தப் பெண் சொன்ன படகு. அதிகாரி எழுதியதைக் கிழித்துவிட்டுக் கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்ஜின் நின்று காற்றில் தெற்கே போய்க்கொண்டிருந்த படகைப் பொழுது சாய்வதற்குள் கட்டி இழுத்து வந்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள். நான் துறைமுகத்துக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து, போனில் பேசியது நான்தான், தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதும், நாமதான் சரியா பாக்கலையோன்னு போன வச்சுட்டு வூட்டுக்குக் கெளம்பப் பாத்தேன் சார்" என்றார்.

கிளம்பியிருந்தால், அந்த ஐந்து பேரைத் தேடச் சொல்ல வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.