பூஜை முடிந்து கட்டிய சுவர்

பள்ளிக்கூடத்தில் கொத்து வேலை சொல்லித் தருகிறேன் என்றால் மயிலாப்பூரில் இன்னும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள். பிளஸ் ஒன் கட்டடப் பிரிவு என்னுடையது. அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் இருந்த ஒரே பெண்ணை காமர்ஸுக்கு மாற்றிவிட அவள் அம்மா வருவதாக இருந்தது. தி. நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு வருகிறார்.

அந்தப் பெண்ணுக்கோ செங்கல்லைத் தொட்டால்தான் முகமே மலரும். “அம்மா வந்தா நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காதே,” என்று சொல்லி வைத்தேன்.

வந்ததும் ஆரம்பித்துவிட்டார். “இன்னா மிஸ், செங்கல்லு தூக்கறதுக்கா பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பறேன்?”

காலையில் அவள் கட்டி முடித்த முழங்கால் உயரச் சுவருக்கு அழைத்துப் போனேன். மேலே ரசமட்டத்தை வைத்தேன். “பாருங்கம்மா, குமிழி நடுவுல நிக்குது. மட்டம் கரெக்டா இருக்குன்னு அர்த்தம்.”

அவர் செங்கல்லைத் தடவிப் பார்த்தார். “பரவால்லியே. நல்லாத்தான் கீது.”

அப்பாடா என்றிருந்தது.

“இல்லம்மா, கோணலா கீது,” என்றாள் மகள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இரேண்டி! அவள் ரசமட்டத்தை எடுத்து, இடமுனை வலமாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தாள். குமிழி ஓரத்துக்கு ஓடியது. கவிழ்த்துக் காட்டினாள். அடிப்பக்க முனையில் கெட்டியாகக் காய்ந்த சந்தனப் பொட்டு. அது அந்த முனையைத் தூக்கிவிட்டதில் சுவரின் கோணல் தெரியாமல் போயிருக்கிறது. ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பொட்டு வைப்போம். அப்புறம் துடைக்க யாருக்கும் மனசு வராது, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம்.

“அந்தப் பொட்டை நான்தான் மிஸ் வெச்சேன்,” என்றாள். கொத்துக் கரண்டியைச் செருகி மேல்வரிசைச் செங்கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடையில கறை பட்ட புடவைன்னா, அந்தப் பக்கத்தை உள்ள மடிச்சி வெச்சிக்கினுதான் விரிச்சிக் காட்டுவோம். நான் நல்லா கீதுன்னு சொன்னப்புறமும் இது தானா கோணல்னு சொல்லுது பாருங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இங்கியே படிக்கட்டும் மிஸ்.”

“ஏய், கேட்டுச்சா? அம்மா சரின்னுட்டாங்க!” என்று கத்தினேன்.

அவள் நிமிரவே இல்லை. “இருங்க மிஸ், கலவை இறுகறதுக்குள்ள பிரிச்சிடறேன்.”