'தெரியாது டீச்சர்'

போன செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பும்போது எங்கள் பழைய மாணவி செல்வி கைபேசியில் அழைத்தாள். "சார், நம்ம தெய்வானை டீச்சர் போயிட்டாக" என்றாள்.

புதுவயலில் எங்கள் நடுநிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் நாங்கள் அடுத்தடுத்த வகுப்பறைகளில் இருந்தோம். அவருக்குத் தமிழ், எனக்குக் கணக்கு. அவரை அறியாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பள்ளியில் அவருடைய பட்டப்பெயர் 'தெரியாது டீச்சர்'. வைத்தவன் நான்.

அவர் வந்த வருடம் பள்ளியின் தமிழ் அகராதியும் நிலப்படப் புத்தகமும் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று தலைமை ஆசிரியருக்குப் பயம். "கிழியாம இருந்தா யாரும் தொடலைன்னு அர்த்தம் சார்" என்று சாவியை வாங்கிவிட்டார் டீச்சர். மறுநாளே பிள்ளைகளை வேப்பமரத்தடியில் பெயர்களின் அகரவரிசைப்படி நிற்கச் சொன்னார். செந்திலும் செல்வியும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டார்கள். "ரெண்டாவது எழுத்தைப் பாருங்க. ந முன்னால, ல பின்னால. செல்வி, நீ அங்குட்டுத் தள்ளு" என்றார். இது பாடமா, விளையாட்டா என்று ஆசிரியர் அறையில் நாங்கள் கேலி பேசினோம்.

யார் எதற்குப் பொருள் கேட்டாலும் "எனக்குத் தெரியாதே, தேடிட்டு வந்து எனக்கும் சொல்லு" என்பார். அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். பெற்றோருக்குத் தெரியாதே.

பெற்றோர் கூட்டத்தில் அது வெடித்தது. அரிசி ஆலையில் வேலை பார்க்கும் கருப்பையா, செல்வியின் அப்பா, எழுந்து நின்றார். "எம்மக என்ன கேட்டாலும் தெரியாதுங்கிறீகளாம். தெரியாதவுக எதுக்கு இந்த வேலைக்கு வந்தீக?" கூட்டம் ஆமாம் போட்டது. தமிழ் வகுப்பை வேறொருவருக்கு மாற்றிவிடலாம் என்று தலைமை ஆசிரியர் என் காதில் சொன்னார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

டீச்சர் கோபப்படவில்லை. "அண்ணே, உங்க வேலையில இருந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் உதவ மாட்டேன். உங்க மக தேடட்டும்" என்றார்.

"கருக்கா" என்றார் கருப்பையா. பால் பிடிக்காத நெல்லுக்கு ஆலையில் அப்படித்தான் பெயர்.

செல்வி அகராதியைப் புரட்டினாள். 'கருக்கல்' இருந்தது, 'கருக்கா' இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. செல்வி தலையைத் தூக்கி, "அப்பா, மாங்கான்னு சொல்றோம், எழுதுறப்ப மாங்காய்தானே?" என்று கேட்டாள். விரலைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். "கருக்காய்! முற்றாத நெல்லுன்னு போட்டிருக்கு!"

கருப்பையா வந்து அந்த வரிமேல் விரல் வைத்துப் பார்த்தார். "இத்தனை வருசமாச் சலிச்சு வெளிய தள்ளுறேன். இதுக்கும் இங்கன எடம் குடுத்திருக்காகளா!" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார். வகுப்பு மாறவில்லை. அன்றிலிருந்து அந்தப் பட்டப்பெயரை நான் பெருமையோடு சொல்லித் திரிந்தேன்.

செவ்வாய் மாலை அஞ்சலி பேனர் அடிக்கக் காரைக்குடிக்குப் போனோம். சிங்கம்புணரியில் நர்ஸாக இருக்கும் செல்வி டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கணினித் திரையில் 'இயற்க்கை எய்தினார்' என்று விழுந்தது.

"அண்ணே, ஒரு க் கூடுதலா இருக்கு" என்றாள்.

"எல்லாரும் இப்படித்தான் போடுறாக" என்றார் கடைக்காரர். நேரமாகிறதே, போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன். செல்வி கைபேசியில் அகராதியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அவர் உற்றுப் பார்த்தார். அந்த எழுத்தை நீக்கினார். பிறகு, யாரும் கேட்காமலேயே, அன்று காலை வேறொரு வீட்டுக்காகச் செய்து வைத்திருந்த பேனரைத் திறந்து அதிலிருந்தும் ஒரு 'க்'கை எடுத்தார்.

டீச்சர், முன்பின் தெரியாத ஒருவருடைய அஞ்சலியையும் திருத்திவிட்டுத்தான் போகிறீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.