டெல்பர்ட்டின் பாதி

குழாயின் இடப்பக்கம் டெல்பர்ட், வலப்பக்கம் அவன் மனைவி ட்வைலா. எண்ணெய்க் குழாய் பதிக்கும் வேலையில் வெல்டர்கள் அப்படித்தான் ஜோடியாக நிற்பார்கள். இருவரும் உச்சியில் தொடங்கி, ஆளுக்கொரு பாதியாக இறங்கி, அடியில் நெருப்போடு நெருப்பாகச் சந்திப்பார்கள். எங்கள் டிரம்ரைட் ஊரில் அவர்களின் தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்டால் இதைத்தான் சொல்வோம். டெல்பர்ட் இடக்கையன். அவன் போட்ட பற்றவைப்பில் வரிகள் மீன் செதில்போல இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ட்வைலாவுடையவை வலப்பக்கம்.

அன்று அவள் தன் பாதியை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குழாய்ப் பள்ளத்திலிருந்து ஏறினாள். முதுகுக்குப் பின்னால் செம்மண் சரிந்தது. டெல்பர்ட் உள்ளே இருந்தான். லாரி மேலிருந்த அவன் வெல்டிங் மெஷின் மட்டும் ஓலமிட்டது. வெல்டிங் நடக்கும்போதுதான் அதன் எஞ்சின் அப்படிக் கத்தும். கை நின்றால் முனகலாக அடங்கிவிடும். மண்ணுக்கடியில் எந்தக் கை நிற்காமல் இருந்தது?

"உள்ள சத்தம் கேக்குதான்னு பாக்கணும், அதை அணைங்க!" என்று தோண்டியவர்கள் கூவினார்கள். ட்வைலாவே ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினாள். அந்த மௌனத்தில் எந்தக் குரலும் வரவில்லை. கணவனின் உயிரைத் தன் விரலே அணைத்துவிட்டதாக அவள் நம்பினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

அதன்பின் அவள் வெல்டிங் முகமூடி அணியவில்லை. மெஷின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இந்தக் குளிர்காலத்தில்தான் அதை அவிழ்த்தாள். டெல்பர்ட்டின் கல்லறையில் நட ஒரு குழாய்ச் சிலுவை வேண்டும். அதை அவன் மெஷினால்தான் பற்றவைக்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை. எலிக்கூட்டை வாரி எறிந்தாள். இறுகிய வால்வுகளை எண்ணெய் ஊற்றி இளக்கினாள். கார்பன் பிரஷ்களை மாற்றினாள். செப்புப் பட்டைகள் கண்ணாடியாகும்வரை உப்புத்தாளால் தேய்த்தாள்.

டெல்பர்ட்டின் தம்பி கிளீட்டஸ் டிரெய்லரோடு வந்து நின்றான்.

"இன்னிக்கு ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போகுது அண்ணி. இந்தச் சவத்தக் கட்டிக்கிட்டு நீங்களும் சவமாயிட்டீங்க."

"வாய மூடிக்கிட்டு கிராங்கச் சுத்து தம்பி. ஒரு சட்டி பீன்ஸ் தின்னியே, எங்க போச்சு?"

எஞ்சின் இருமியது, பிறகு ஓடியது. ஆனால் வெல்டிங் ராடைக் குழாயில் தொட்டால் பொறி இல்லை.

"ரொம்ப நாள் சும்மா கெடந்தா உள்ள இருக்கிற காந்தம் செத்துடும். எல்லாத்தையும் மறந்துடும் அண்ணி."

"நான் ஞாபகப்படுத்தறேன்."

லாரி பேட்டரியின் வயர்களை மெஷினின் முனைகளில் ஒரு நொடி தொட்டாள். நீலப் பொறி பறந்தது. மெஷின் உடம்பு முழுக்கக் குலுங்கியது. வெளியே உச்சி வெயில். ஓயாத எங்கள் ஊர்க் காற்று சட்டென்று நின்றது. கொட்டகைக்குள் ஈர மண் வாடை.

ட்வைலா சிலுவைக் குழாயில் தன் பாதியைப் பற்றவைத்தாள். பிறகு டெல்பர்ட் நிற்கும் இடப்பக்கத்துக்குப் போய்க் குனிந்தாள். முகமூடியின் இருட்டில் யாரோ அவள் முழங்கையைத் தாங்கினார்கள். அந்தக் கை சில்லென்றிருந்தது. அழுதுகொண்டே அடிவரை இறங்கினாள்.

கிளீட்டஸ் கம்பி பிரஷால் பற்றவைப்பின் மேலிருந்த கசடைத் தேய்த்தான். தேய்த்த கை பாதியில் நின்றது.

"அண்ணி... இந்தப் பக்கம் எந்தக் கையால போட்டீங்க?"

அவள் வலக்கையைக் காட்டினாள்.

"பொய் சொல்லாதீங்க. இது அண்ணன் கை." இடப்பக்கம் சாய்ந்திருந்த செதில்களைப் பார்த்தபடி அவன் தொப்பியைக் கழற்றினான்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. ராடைப் பிடிக்கும் ஹோல்டர் மர ஆணியில் தொங்குகிறது. எஞ்சின் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. கிளீட்டஸ் சுவிட்சுக்குப் பாய்ந்தான்.

"தொடாத!" ட்வைலா அவன் கையைப் பிடித்தாள். "போன தடவை நான் அணைச்சேன். இந்தத் தடவை அவரா நிறுத்தட்டும்."

இருவரும் காத்திருந்தார்கள். ஓலம் மெல்ல முனகலாக அடங்கியது. முனகலும் நின்றது.

"பெட்ரோல் தீர்ந்திருக்கும்" என்றான் கிளீட்டஸ். டாங்கியைத் திறந்து பார்த்தான். பாதி இருந்தது.

ட்வைலா சூடான அந்தப் பாதியின்மேல் உள்ளங்கையை வைத்தாள், எடுக்கவேயில்லை.

"முடிச்சிட்டாரு தம்பி" என்றாள். "நீ வண்டியை எடு."

வெறும் டிரெய்லர் கடகடத்துக்கொண்டு திரும்பிப் போனது.