தேத்தண்ணி குடித்துவிட்டுப் பல் பிடுங்கப் போனது

பல் டொக்டர் என்றால் எனக்கு உயிர் போய்விடும். பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் நான் சுப்பர்வைசர். என் சத்தம் கேட்டால் ஸ்டோர் முழுக்க அடங்கும். அப்படிப்பட்டவன் பல் டொக்டரின் கதிரையிலிருந்து மூன்று தடவை எழுந்து ஓடியிருக்கிறேன். மூன்றாவது தடவை கழுத்தில் கட்டிய துண்டோடேயே பஸ் ஏறிவிட்டேன். கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்.

காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வயதில், பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், டிஸ்பென்சரி மருந்துக்காரர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். விறைப்பு ஊசி போட்டாரோ என்னவோ, எனக்கு ஒன்றும் விறைக்கவில்லை. அப்பா ஒரு கையையும் சித்தப்பா மறு கையையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் கத்திய கத்து கொழுந்து மலை வரைக்கும் கேட்டதாக எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

போன வருடம் கீழ்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியது. மருந்தில் வீக்கம் வற்றியதும் மனைவி என்னைக் கண்டியில் வேறொரு டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் அலவத்துகொடவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்.

"இத இந்த மாசத்துக்குள்ள எடுக்கோணும். விட்டா சீழ் தாடைக்குப் போகும். பொறகு ஆஸ்பத்திரில படுக்கத்தான் வேணும்."

"பயமா இருக்கு டொக்டர்," என்றேன். அந்த வார்த்தையை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரிக்கவில்லை. விறைப்பு ஊசி எப்படியும் உண்டு, பயத்துக்குத் தனியாக மூன்று வழி இருக்கிறது என்றார். முன்கூட்டியே விழுங்கும் குளிசை ஒன்று. மூக்கில் மாட்டி இழுக்கும் வாயு இன்னொன்று. விழித்துத்தான் இருப்போம், மனசு லேசாகிவிடும். மூன்றாவது, கை நரம்பில் ஏற்றும் மருந்து. அரைத் தூக்கம், நடந்தது ஞாபகமே இருக்காது. ஞாபகம் இருக்காது என்றதும் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். துணைக்கு ஆள் வரவேண்டும், காலையில் ஒன்றும் சாப்பிடவும் கூடாது, குடிக்கவும் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

பல் எடுக்கும் அன்றைக்கு மனைவி போட்ட காவல் இருக்கிறதே! பாண், பிஸ்கட் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளைகளைக்கூட என் கண் முன்னால் சாப்பிட விடவில்லை.

"ஒண்டும் சாப்பிடல்ல தானே?" என்று நாங்கள் போனதுமே கேட்டார் டொக்டர்.

"பச்சத்தண்ணி பல்லுல படல டொக்டர்," என்றேன்.

"நான் ஒண்ணுமே குடுக்கல," என்றாள் மனைவி பெருமையாக. "தேத்தண்ணி மட்டுந்தான்."

டொக்டர் தலையைத் தூக்கினார். "பால் போட்டா?"

"பால் போட்டு, பெரிய கோப்பைல."

எங்கள் வீட்டில் அப்படித்தான். தேத்தண்ணியை நாங்கள் ஒரு சாப்பாடாகவோ பானமாகவோ நினைத்ததே இல்லை. விரதம் என்றாலும் காலையில் தேத்தண்ணி குடித்த பிறகுதான் விரதமே தொடங்கும்.

டொக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "மயக்கத்துல சத்தி வந்தா, வயித்துல உள்ளது மூச்சுக் குழாய்க்குள்ள போகும். இண்டைக்கு அது ஏலா."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "அப்ப இன்னொரு நாளைக்கு வாறோம்," என்று எழுந்தேன். மனைவி கதவை மறித்து நின்றாள்.

"எங்க போறீங்க? நாலாவது தடவையும் ஒங்க பின்னால பஸ் ஸ்டாண்டுக்கு என்னால ஓட முடியாது!"

"வாயு தாரேன். அதுக்கு இந்தத் தேத்தண்ணி பரவால்ல," என்றார் டொக்டர். "ஒரே ஒரு விஷயம். வேணாம் எண்டு பட்டா இடது கையத் தூக்குங்க. நான் நிப்பாட்டுவேன். எத்தின தரம் எண்டாலும்."

எல்லாரும் சொல்கிற பேச்சுத்தானே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூக்கில் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கால் எங்கே இருக்கிறது என்ற கவலை விட்டுப்போயிற்று. ஊசி குத்தியது, அதுவும் யாருக்கோ குத்துவது போல இருந்தது. ஆயுதம் வாய்க்குள் வந்ததும் கையைத் தூக்கினேன்.

நிறுத்தினார்.

மறுபடி தொடங்கினார். மறுபடி தூக்கினேன். நிறுத்தினார். மூன்றாவது தடவை தூக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நோவுதா?"

"இல்ல டொக்டர். நிப்பாட்டுறீங்களான்னு பாத்தேன்."

"பாருங்க, நல்லாப் பாருங்க," என்று அவரும் சிரித்தார்.

நாலாவது தடவை நான் சிரிக்கவில்லை. கை தானாக எழும்பியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் ஆயுதத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஒருவரும் என்னைத் தொடவில்லை. கையை நானேதான் இறக்கினேன். அதன்பிறகு பல் வந்துவிட்டது.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மனைவி என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"ஐயையோ, அழுதீங்களா? ரொம்ப வலிச்சிருச்சா?"

வாய் நிறையப் பஞ்சு. அதை விரலால் ஒதுக்கிக்கொண்டு சொன்னேன்: "நிப்பாட்டுனாங்கடி. நாலு தடவையும் நிப்பாட்டுனாங்க."