வாசல் தாண்டும் சுண்டல்

கிறிஸ்டினாவுக்கு நாய் என்றால் பயம். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஸ்கூட்டர் இருக்கிறதா, லைசென்ஸ் இருக்கிறதா, போனில் மேப் பார்க்கத் தெரியுமா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் தலையாட்டினாள். அதற்கு முன் பதினொரு வருடம் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது அவளால் கூடப் போக முடியவில்லை. கணவன் ஜோஷ்வா தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். வீடு அகரம்தென்னில். குடும்பத்தை விட்டு எங்கே போவது?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே ஒரு தெருநாய் அவள் கெண்டைக்காலைக் கவ்வியது. ஊசி போட்டுக்கொண்டு மறுபடி வண்டியை எடுத்தாள். அன்றிலிருந்து எந்த வீட்டில் குரைப்புச் சத்தம் கேட்டாலும் பார்சலைக் கதவோரம் வைத்துவிட்டு நான்கடி தள்ளி நின்றுதான் பேசுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஜூலை மாத மத்தியானம் மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனம் இருந்த வீடு. பார்சல் கீழ்வீட்டுக்கு. உள்ளே நாய் இருப்பதற்கான சத்தமே இல்லை. கதவு திறந்ததும் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று அவள் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே போனது. திரும்பிப் பார்ப்பதற்குள் அது கேட்டைத் தாண்டிவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் பைக் எடுக்க வசதியாக அந்த கேட்டை எப்போதும் திறந்தேதான் வைத்திருப்பார்கள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஹெட்போனைக் காதிலிருந்து இறக்கிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

"போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சு சார்."

"எந்தப் பக்கம் போச்சு?"

தெரு காலியாக, கண்ணெதிரேதான் கிடந்தது. நாய் பஸ் போகும் ரோட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. ஆனால் அவர் முகம் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்பது அவளுக்குப் புரிந்தது.

"நீங்க அங்கியே நில்லுங்க சார். நான் புடிச்சுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவள் ஓட ஓட அதுவும் ஓடியது. அவள் நின்றால் அதுவும் நின்று, வாலை ஆட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. பஸ் ரோடு வருவதற்கு நான்கு வீடு முன்னால் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு மளிகைக் கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டுப் பார்சல் கையிலேயே இருந்தது. அவள் பிடித்த பிடியில் அதன் பிளாஸ்டிக் கவர் மொறுமொறுவென்று சத்தம் போட்டது. நாயின் காது நிமிர்ந்தது. பிஸ்கட் பாக்கெட் என்று நினைத்திருக்க வேண்டும். நேராக அவளிடம் வந்து கவரை முகர்ந்தது.

கையால் தூக்க அவளுக்குத் துணிவில்லை. தோளில் மாட்டியிருந்த பெரிய பார்சல் பையின் வாயைத் திறந்து, கவரை உள்ளே போட்டு ஆட்டினாள். நாய் தானாகவே உள்ளே இறங்கியது. ஜிப்பைப் பாதிவரை இழுத்துவிட்டு, பையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

அவர் இரண்டு படி இறங்கி, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பையை அவர் கையருகே கொண்டுபோனாள். கையை உள்ளே விட்டுத் தடவினார். உள்ளேயிருந்து அது நக்கியது.  பிறகு நிமிர்ந்து, "ஓடிபி சொல்லட்டுமா?" என்றார்.

அவர் பெயர் தயாளன். ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர். நாற்பத்தாறு வயதில் பார்வை குறைய ஆரம்பித்து இரண்டே வருடத்தில் முழுவதும் போய்விட்டது. இப்போது வீட்டிலிருந்தபடியே ஒரு மருத்துவமனைக்கு வரும் போன்களை எடுத்து, நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருகிறார். மனைவி கீதா செம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கோவளத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் படகுக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியைப் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் கணவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தூக்கி வந்தது கீதாதான். உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு இருந்ததால் சுண்டல் என்று பெயர் வைத்தார்கள். வளர்ந்த பிறகும் அது பெரிதாக வளரவில்லை. வாசலில் கம்பிக்கதவு ஒன்று உண்டு. கம்பிகளுக்கு நடுவே அது சுலபமாக நுழைந்துவிடும். வலை கட்டினார்கள். இரண்டே நாளில் கடித்து ஓட்டை போட்டது. கட்டிப் போட்டால் ஊளையிட்டது. அவரால் போன் எடுக்க முடியவில்லை.

இதெல்லாம் கிறிஸ்டினாவுக்கு உடனே தெரியாது. அன்று இரவு சாப்பிடும்போது நடந்ததை ஜோஷ்வாவிடம் சொன்னாள்.

"நீ நாயைப் புடிச்சியா?" என்றான் அவன்.

"பைலதான் புடிச்சேன். அது பெரிசில்ல. அந்த சார் எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டாரு பாரு, அதுதான் மனசுலயே நிக்குது."

மறுநாள் அதே வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. துணி மாட்டும் கிளிப். அதற்கடுத்த நாள் ரப்பர் பேண்டு. மூன்றாம் நாள் மறுபடி கிளிப். நான்காம் நாள் வந்த பார்சலின் மேல் டார்ச் லைட் என்று போட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் மணி அடித்தால் கதவு உடனே திறக்காது. "மேட்ல உக்காரு, உக்காரு" என்று உள்ளே குரல் கேட்கும். கதவு விரலளவு திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். இடுக்கில் கயிற்றில் கட்டிய சுண்டலின் மூக்கு தெரியும்.

டார்ச் லைட்டைக் கொடுத்தபோது கேட்டுவிட்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். டார்ச்சு உங்களுக்கு எதுக்கு?"

அவர் சிரித்தார். "கரண்ட் போனா கீதாவுக்கு ஆகும். உண்மையைச் சொல்லணும்னா, நீங்க வந்து பெல் அடிக்கணும். அதுக்குத்தான்."

"புரியல சார்."

"கதவைத் திறந்தா ஓடக்கூடாதுன்னு இதுக்குக் கத்துக்கொடுக்கறோம். நாங்க யார் பெல் அடிச்சாலும் இது நம்ம வீட்டு ஆளுன்னு தெரிஞ்சுக்குது, சமத்தா உக்காருது. வெளி ஆள் வந்தாத்தான் ஓடுது. வெளி ஆளுக்கு நான் எங்க போறது? அதான் தினம் ஒண்ணு ஆர்டர் பண்றேன்."

கிறிஸ்டினா கதவு நிலையில் சாய்ந்து நின்று சிரித்தாள். "அதுக்கு இத்தினி கிளிப்பா சார்? நான் தினமும் இந்தத் தெரு வழியாத்தான் போறேன். பெல் அடிச்சிட்டுப் போறேன் விடுங்க."

அதன்பிறகு ஒரு மணி தாண்டி அவர் சாப்பாட்டுக்கு எழும் நேரத்தில் அவள் வந்து மணியடிப்பாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அவளாலும் நிற்க முடியாது. முறை எளிதானதுதான். மணி அடித்ததும் சுண்டல் கதவுக்கு இரண்டடி உள்ளே, 'மேட்' என்று அவர் சொல்லும் கால்மிதியில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கதவு திறக்கும், எழுந்தால் மூடிக்கொள்ளும். திறந்த கதவுக்கு முன்னால் பத்து எண்ணும்வரை உட்கார்ந்திருந்தால் கீதா அவித்து வைத்துவிட்டுப் போன ஈரலில் ஒரு துண்டு கிடைக்கும். முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒரு துண்டு கிடைப்பதே பாடாக இருந்தது. இரண்டாவது வாரம் நாலைந்து கிடைத்தது. மூன்றாவது வாரம் கயிற்றை அவிழ்த்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. சுண்டலின் கழுத்தில் ஒரு சின்ன மணி உண்டு. அது ஒலித்தால் நாய் நடக்கிறது, ஒலிக்காவிட்டால் உட்கார்ந்திருக்கிறது என்பது தயாளன் கணக்கு. அன்று கதவு பாதி திறந்ததும் சுண்டல் மெதுவாக, மணி அசையாமல், தரையோடு தரையாக ஊர்ந்து வெளியே வந்து கிறிஸ்டினாவின் காலருகே நின்றது. உள்ளே தயாளன் காலியான கால்மிதியைப் பார்த்துக் குனிந்து, "அப்படித்தான் கண்ணு. அப்படியே இரு. எவ்வளவு சமத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் ஈரல் துண்டு இருந்தது.

 அவரிடம் சொன்னால் முகம் எப்படி மாறும் என்று கிறிஸ்டினாவுக்குத் தோன்றியது. சொல்லாமலும் இருக்க முடியாது. குனிந்தாள். பை இல்லாமல், வெறும் கையால், முதல் தடவையாக அதைத் தூக்கினாள். அதன் விலா எலும்புக்குள் இதயம் படபடவென்று அடித்துக்கொள்வது விரலில் தெரிந்தது. அதற்கும் பயம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், சுண்டல் என் கையில கீது."

அவர் நிமிர்ந்தார்.  "நான் யார்கிட்ட பேசிட்டிருந்தேன்?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "இது நமக்கு ஆகற வேலையில்ல கிறிஸ்டினா. கீதாவோட அக்கா திருத்தணியில இருக்காங்க. தோட்ட வீடு. அங்க கொண்டுபோய் விட்டுடலாம்னு கீதா முன்னமே சொன்னா."

"ஒரு நாள் பொறுங்க சார்" என்றாள் கிறிஸ்டினா.

வண்டி ஓட்டும்போதெல்லாம் அதே யோசனையாக இருந்தது. உட்கார்ந்திருந்தாலும் சத்தமில்லை, ஓடிப் போனாலும் சத்தமில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். மணி போதாது. அது உட்காரும்போதும் எழும்போதும் சத்தம் வர வேண்டும். சாயங்காலம் மீந்த பார்சல்களை எடுத்து அடுக்கும்போது, முதல் நாள் சுண்டல் எந்தச் சத்தத்துக்கு அவளிடம் வந்தது என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் கிழிந்த பார்சல் கவர்கள் நாலைந்தைக் கொண்டு போனாள். கால்மிதிக்கு அடியில் பரப்பி, ஓரங்களை டேப் போட்டு ஒட்டினாள். சுண்டல் ஏறியதும் மொறுமொறுவென்றது. இறங்கியதும் மொறுமொறுவென்றது. ஒரு காலை எடுத்து வைத்தால்கூடக் கேட்டது. தயாளன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இப்ப ஏறிடுச்சு. உக்காந்துடுச்சு. முன்னங்காலை எடுக்குது."

"கரெக்ட் சார்."

"மறுபடி வச்சிடுச்சு."

"ஆமா சார்."

திருத்தணிப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் காரியம் ஒரே சீராகப் போகவில்லை. தீபாவளி வெடிக்குப் பயந்து சுண்டல் மூன்று நாள் குளியலறையை விட்டு வரவில்லை. நான்காம் நாள் மணி அடித்ததும் படித்ததெல்லாம் மறந்து பாய்ந்தது. நல்லவேளையாகக் கிறிஸ்டினா வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மறுபடி கயிறு, மறுபடி விரலளவு கதவு. மழைக்காலம் முழுவதும் அவள் ரெயின்கோட்டோடு வந்து நின்றாள். அந்த வேஷத்தில் யார் என்றே சுண்டலுக்குத் தெரியவில்லை என்பதால் அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. பொங்கலுக்கு முன்னால் கதவை முழுவதும் திறந்து வைத்துவிட்டு அவர்கள் இருவரும் இரண்டு நிமிடம் பேச முடிந்தது. அன்று ஈரல் துண்டைக் கிறிஸ்டினாதான் தன் கையால் ஊட்டினாள்.

மார்ச் மாதம் அவளை முடிச்சூர் பக்கம் மாற்றினார்கள். ஏரியா மாற்றுவதற்கு யாரையும் கேட்க மாட்டார்கள். கடைசி நாள் தயாளனிடம் சொன்னபோது அவர், "அங்கயும் ரோடு மோசம்தான். பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.  அவள் இடத்துக்கு வெற்றிவேல் என்பவன் வந்தான். நாற்பது வயது, பத்து வருடமாக இதே வேலை. அவனிடம் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் அவன் ஜாக்கிரதையாக நிற்பான். சொல்லாவிட்டால்தான் சரியான வெளி ஆள். பேசாமல் இருந்துவிட்டாள். பத்து நாளும் காலையில் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

பதினோராம் நாள் காலை குடோனில் டீ குடிக்கும்போது வெற்றிவேலே ஆரம்பித்தான். "மாடம்பாக்கத்துல ஒரு வூடுக்கா. கண்ணு தெரியாதவர். கதவை ஆன்னு தொறந்து வச்சிக்கினு ஓடிபி சொல்றாரு. உள்ள ஒரு துக்குனூண்டு நாய். மேட்ல குந்திக்கினு என்னையே பாக்குது. நானே பயந்துட்டேன். ஒரு இஞ்ச் நகரல."

"நகரலியா?" என்றாள் கிறிஸ்டினா.

"நகரலக்கா. இன்னா பழக்கிகிறாரு மனுஷன்."

அவள் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று வெற்றிவேலிடம் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக மாடம்பாக்கம் போனாள். கையில் பார்சல் இல்லை, பை இல்லை. மணி அடித்தாள். உள்ளே கால்மிதி மொறுமொறுத்தது. உடனே கழுத்து மணி ஓடி வரும் சத்தம் கேட்டது. அவள் வண்டிச் சத்தத்தைச் சுண்டல் கண்டுபிடித்துவிட்டது. கதவு விரலளவு திறந்தது, ஈரமான மூக்கு வெளியே வந்தது, கதவு மூடிக்கொண்டது.

"சார், நான் கிறிஸ்டினா."

"தெரியுது. யாரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "மறுபடி பெல் அடிங்க."

மூன்றாவது முறைதான் கதவு முழுவதும் திறந்தது. சுண்டல் கால்மிதியில் நடுங்கிக்கொண்டே, வாலால் தரையைப் பெருக்கியபடி உட்கார்ந்திருந்தது. கீதா அடுக்களையிலிருந்து வந்து, "உள்ள வாங்க" என்றார். கிறிஸ்டினா தயங்கி நின்றாள். நான்கு வருடமாக ஒரு நாளைக்கு எழுபது எண்பது கதவு பார்க்கிறாள். ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.

"வாங்க கிறிஸ்டினா. நீங்க உள்ள வந்தாத்தான் அது எழுந்திருக்கலாம். பாவம், எவ்வளவு நேரம் உக்காந்திருக்கும்" என்றார் தயாளன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் சுண்டல் வந்து மடியில் ஏறி இறங்கி, முகத்தை முகர்ந்து, கடைசியில் அவள் பாதத்தின் மேல் சுருண்டு படுத்தது. காபி குடித்து முடித்தும் அவள் காலை எடுக்கவில்லை.

ஜோஷ்வா போன் செய்தான். "எங்க இருக்கே? சோறு ஆறுது."

"மாடம்பாக்கத்துல இருக்கேன். நீங்க சாப்புடுங்க" என்றாள் தணிந்த குரலில். "கால் மேல நாய் தூங்கிக்கினு கீது. எழுந்ததும் வரேன்."